ஒற்றைத் தேதி நரம்பு, இரட்டைத் தேதி அழற்சி

பதினான்காம் நம்பர் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தவளுக்கு மாதத்தில் எட்டு நாள் வலி. பயணிகள் அவளை டிரைவரம்மா என்பார்கள். வீட்டிலும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. அடிவயிற்றில் ஆரம்பித்து, இடுப்பைச் சுற்றி, இடது தொடைக்குள் இறங்கும் வலி. கிளட்சை மிதிக்க வேண்டிய கால் அது. ஒரு நடைக்கு நாற்பத்தொரு வேகத்தடை. ஒவ்வொன்றையும் அவள் வயிறு தனித்தனியாக அறியும்.

வலி புதிதல்ல. கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று முதல் டாக்டர் சொன்னார். கல்யாணம் ஆனது. பிள்ளை பிறந்தால் சரியாகிவிடும் என்றார் இரண்டாமவர். பிறந்தது. மூன்றாமவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஐம்பது வயதானால் சரியாகிவிடும் என்றார். அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு. இன்னும் பதினெட்டு வருஷம்தானே என்ற தோரணையில் கை குலுக்காத குறையாக அனுப்பி வைத்தார்.

டிப்போ மேனேஜர் கெட்டவர் இல்லை. காகிதத்தில் இருப்பதைத் தவிர வேறெதையும் பார்க்கத் தெரியாதவர், அவ்வளவுதான். வலி வந்த அன்று அவள் லீவு கேட்டால், ஒரு படிவத்தை எடுத்து நீட்டுவார். அதில் 'நோய்க்கான காரணம் (ஒன்று மட்டும்)' என்று ஒரு கட்டம். அதைப் பெரிய டாக்டர் நிரப்பிக் கையெழுத்துப் போட்டால்தான் விடுப்பு. அதுவரை சீட்டில் போய் உட்கார வேண்டியதுதான்.

"நீங்க சொல்றத நான் நம்பறேம்மா. ஆனா நம்பினேன்னு எழுத இதுல இடம் இல்ல" என்பார். ஆறு வருஷமாக இதையே, இதே மரியாதையோடு சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் டெர்மினஸில் வண்டியை நிறுத்தியவள் சீட்டிலிருந்து எழுந்திருக்க முடியாமல் ஸ்டியரிங்கின் மேலேயே கவிழ்ந்துவிட்டாள். கண்டக்டர் ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கேதான் அவளுக்குச் சின்ன டாக்டர் கிடைத்தாள். படிப்பு முடித்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அதனால் நோயாளி சொல்வதைக் கேட்கிற பழக்கம் இன்னும் போகவில்லை.

வயிற்றில் சின்னத் துளை போட்டு, கேமரா விட்டுப் பார்த்தார்கள். கருப்பைக்கு வெளியே அங்கங்கே கறுத்த புள்ளிகள். எடுக்க முடிந்ததை எடுத்தாள் சின்ன டாக்டர். குடலை ஒட்டி இருந்த ஒன்றிரண்டைத் தொட முடியவில்லை. மயக்கம் தெளிந்ததும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இதற்கு எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர் என்றாள். டிரைவரம்மா அந்தப் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். பெயர் இருக்கிற நோய் என்று தெரிந்ததிலேயே பாதி பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

"கருப்பைக்கு உள்பக்கம் ஒரு சவ்வு இருக்கும். அது மாதிரியே ஒண்ணு வெளியில முளைச்சிருக்கு" என்றாள் சின்ன டாக்டர். "மாசா மாசம் அந்த இடம் புண்ணா வீங்கும். அதத்தான் அழற்சிம்போம். வீங்கின இடத்துக்குப் புதுசா நரம்பு முளைச்சு வரும். வந்த நரம்பு சும்மா இருக்காது, அந்தப் புண்ணை மேல மேல கிளறும். புண்ணு மறுபடி நரம்பச் சீண்டும். இப்படியே வருஷக்கணக்கா நடந்தா முதுகுத்தண்டும் மூளையும் அதுக்குப் பழகிடும். லேசாத் தட்டினாலே பெரிசா அலறும். அதனாலதான் புண்ணு கடுகளவு இருக்கு, வலி உங்க பஸ் அளவு இருக்கு."

"அப்போ எனக்கு வலிக்கறது நிஜந்தானே?" என்று கேட்டாள் டிரைவரம்மா.

"நிஜம். ரெண்டுக்கும் சேர்த்து வைத்தியம் பாக்கணும். ஒண்ணை விட்டுட்டு ஒண்ணைப் பாத்தா நிக்காது."

இவ்வளவும் தெரிந்த சின்ன டாக்டருக்கு ஒன்று மட்டும் முடியாது. படிவத்தில் கையெழுத்துப் போட அவளுக்கு அதிகாரம் இல்லை. அதற்குத் துறைத் தலைவர்கள் வேண்டும்.

அழற்சி, மகளிர் நோய்த் துறையைச் சேர்ந்தது. நரம்பு, நரம்பியல் துறையைச் சேர்ந்தது. இரண்டு துறைக்கும் இரண்டு கட்டடங்கள், நடுவே ஒரு நடைபாதை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அந்த நடைபாதையைத் திறந்து வைக்கும்போது, கல்வெட்டில் எந்தத் தலைவர் பெயர் மேலே வருவது என்று தகராறு. கல்வெட்டைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தார்கள். நடைபாதையின் இரண்டு முனையிலும் பூட்டுப் போட்டார்கள். அன்றிலிருந்து இரு தலைவர்களும் பேசிக்கொள்வதில்லை. அங்கிருந்து இங்கே வர வேண்டிய நோயாளி, கேட்டைத் தாண்டி வீதிக்கு வந்து, கட்டடத்தைச் சுற்றி, அடுத்த கேட்டில் புது டோக்கன் வாங்கி வர வேண்டும். நடந்தால் இருபது நிமிஷம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தால் முக்கால் மணி நேரம்.

மகளிர் துறைத் தலைவர் எதையும் அளந்து பார்க்காமல் பேச மாட்டார். கேமரா எடுத்த படத்தின் மேல் ஸ்கேலை வைத்து அளந்தார். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அவரே தயாரித்த அட்டவணை இருந்தது. எத்தனை மில்லிமீட்டருக்கு எவ்வளவு வலி என்று வரிசையாகப் போட்டிருந்தது.

"மூணு மில்லிமீட்டர். இதுக்கு லேசான அசௌகரியம்தான் வரும்" என்றார்.

தன்னால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை என்றாள் டிரைவரம்மா.

"இந்த அளவுக்கு இவ்வளவு வலி எங்க துறையில கொடுக்கறதில்லம்மா. மிச்சம் வேற எங்கயோ இருந்து வருது" என்று சொல்லி, நரம்பியலுக்குச் சீட்டு எழுதினார்.

நரம்பியல் துறைத் தலைவர் சிரித்த முகம். முழங்காலில் சுத்தியலால் தட்டினார். பாதத்தில் ஊசியால் கோடு இழுத்தார். அவள் நரம்புகளைப் பார்த்து அவருக்கு அவ்வளவு சந்தோஷம். இப்படி அருமையான நரம்புகளைப் பார்த்து நாளாயிற்று என்று பக்கத்தில் நின்ற மாணவர்களிடம் பெருமைப்பட்டார். அப்படியானால் வலி எங்கிருந்து வருகிறது என்று கேட்டாள் அவள்.

"நரம்பு தபால்காரன் மாதிரிம்மா. வந்த சேதியக் கொண்டு போய்க் கொடுக்குது. சேதி மோசமா இருந்தா அனுப்பினவங்களத்தான் கேக்கணும். எங்க பிள்ளைங்க மேல பழி போட்டா எப்படி?" என்று, திரும்பவும் மகளிர் துறைக்கே சீட்டு எழுதினார்.

இரண்டு மாதத்தில் அவள் அந்தக் கட்டடங்களை ஏழு முறை சுற்றி வந்தாள். ஏழாவது முறை, ஒருவர் சொன்னது இன்னொருவருக்குத் தெரியாமலேயே, இரு தலைவர்களும் ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள். இது மனசு.

மனநலப் பிரிவில் ஒரு நடுத்தர வயது டாக்டரம்மா இருந்தார். டிரைவரம்மா பேசியதை முழுக்கக் கேட்டார். தண்ணீர் கொடுத்தார். பிறகு குறிப்பேட்டில், 'நோயாளி கடும் கோபத்தில் இருக்கிறார். அதற்குப் போதிய காரணம் உண்டு' என்று எழுதினார். அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்த பதிவேட்டுக் குமாஸ்தா, போதிய காரணம் எந்தத் துறையின் கீழ் வருகிறது என்று குறிப்பிடப்படவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்துத் தரையில் சுருண்டு படுத்தாள். புருஷன் வெந்நீர்ப் பையை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான், அதைக் குறை வைக்காமல் செய்வார். அன்று அவருடைய தங்கையும் வந்திருந்தாள். சினிமா தியேட்டரில் டிக்கெட் கவுன்ட்டரில் பதினெட்டு வருஷமாக உட்கார்ந்திருப்பவள். அண்ணிக்கும் நாத்தனாருக்கும் பெரிய ஒட்டுதல் கிடையாது. அண்ணி லீவுக்காக வயிற்றைப் பிடிக்கிறாள் என்று அவளே ஒரு காலத்தில் சொன்னதுண்டு. ஆனால் தரையில் கிடந்தவளின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டுகளை எல்லாம் வாங்கி ஒவ்வொன்றாகப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் முகம் மாறியது. வெளியே நிற்கிறவர்களைத் துரத்துகிற வித்தை அவளுக்கு அத்துப்படி. இவ்வளவு பெரிய அளவில் அது நடப்பதை இப்போதுதான் பார்க்கிறாள்.

"கவுன்ட்டர்ல நின்னு அழுதா ஒண்ணும் நடக்காது அண்ணி" என்றாள். "உள்ள இருக்கறவன் தலையில வேலை விழப்போகுதுன்னு தெரிஞ்சாதான் எழுந்திருப்பான்."

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளருக்கு மனு எழுதினாள். அழுகை இல்லை, கெஞ்சல் இல்லை. இந்த வலியைத் தங்களுடையது என்று எந்தத் துறையும் ஏற்கவில்லை. எந்தத் துறைக்கும் சேராதவை யாவும் கண்காணிப்பாளரின் நேரடிப் பொறுப்பு என்று வாசலில் பலகை இருக்கிறது. எனவே இந்த வலி தங்களுடையதா என்று ஏழு நாளில் தெரிவிக்கவும். அவ்வளவுதான் மனு.

மூன்றாம் நாளே மருத்துவக் குழு கூடியது.

நீளமான மேஜையின் இந்த முனையில் மகளிர் துறை, அந்த முனையில் நரம்பியல், நடுவில் கண்காணிப்பாளர். டிரைவரம்மாவுக்குக் கதவோரம் ஒரு ஸ்டூல். தலைவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் கண்காணிப்பாளரிடம் மட்டுமே பேசினார்கள். அவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் வாங்கி எதிர் முனைக்கு ஒப்பித்தார். வலியில் தன் பங்கு பாதிக்கு மேல் இல்லை என்றார் மகளிர் துறைத் தலைவர். பாதிகூட அதிகம், இருந்தாலும் பெருந்தன்மையோடு ஒப்புக்கொள்வதாகச் சொல்லி அனுப்பினார் நரம்பியல் தலைவர். பின் வரிசையில் இருந்த சின்ன டாக்டர் எழுந்து, இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன, பிரிக்க முடியாது என்று சொல்ல வாயெடுத்தாள். நிகழ்ச்சி நிரலில் அது இல்லை என்று உட்கார வைத்தார்கள்.

மூன்று மணி நேரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. ஒற்றைப்படைத் தேதிகளில் வரும் வலி நரம்பு வலி. இரட்டைப்படைத் தேதிகளில் வருவது அழற்சி வலி. அந்தந்தத் தேதிக்கு அந்தந்தத் துறை சான்றிதழ் கொடுக்கும், அந்தந்தத் துறையின் மாத்திரையை மட்டுமே சாப்பிட வேண்டும். சான்றிதழில் காரணம் ஒன்று மட்டுமே இருக்கும் என்பதால் டிப்போவின் படிவத்துக்கும் பொருந்தும்.

முப்பத்தொன்றாம் தேதியும் ஒன்றாம் தேதியும் அடுத்தடுத்து ஒற்றைப்படையாக வருமே என்று டிரைவரம்மா மெதுவாகக் கேட்டாள்.

கண்காணிப்பாளர் அவளை மனதாரப் பாராட்டினார். நோயாளிகள் இவ்வளவு ஈடுபாட்டோடு இருந்தால் நிர்வாகம் எவ்வளவு சுலபம் என்றார். பிறகு தீர்ப்பின் கீழே ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: 'முப்பத்தொன்றாம் தேதி வலி அங்கீகரிக்கப்படாது.'

முதல் மாதம் பன்னிரண்டாம் தேதி வலி வந்தது. தொடைக்குள் மின்சாரம் பாய்ந்த மாதிரி இறங்கியது. அவள் மகளிர் துறைக்குப் போய்ச் சொன்னாள். மின்சாரம் மாதிரி என்றால் அது நரம்பு, நரம்பு நாளைக்குத்தான் என்றார் அங்கிருந்த குமாஸ்தா. இன்று சான்றிதழ் வேண்டுமென்றால் எரிகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லுங்கள் என்று உதவியும் செய்தார். எரிகிற மாதிரி இருக்கிறது என்று அவள் சொன்னாள். பொய்யும் இல்லை. எரிந்துகொண்டுதான் இருந்தது.

சான்றிதழோடு வெளியே வந்தவளைச் சின்ன டாக்டர் மாடிப்படிக்கு அடியில் நிறுத்தினாள். மகளிர் துறை கொடுத்த ஹார்மோன் மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிட்டால் ரத்தப்போக்கு ஏறுக்குமாறாகும், பலன் வராது என்றாள். நரம்பு மாத்திரையும் அப்படித்தான், தினமும் போனால்தான் பிடிக்கும். இரண்டையும் ஒரு நாள் விடாமல் சாப்பிடச் சொன்னாள். நரம்பு மாத்திரை தூக்கம் தரும், படுக்கும் முன் மட்டும் போட வேண்டும், உடம்பு அதற்குப் பழகிவிட்டது என்று தானே பார்த்துச் சொல்லும்வரை வண்டியைத் தொடக் கூடாது என்று இரண்டு முறை எச்சரித்தாள். இடுப்புத் தசை இறுகிக் கிடக்கிறது என்று பிசியோதெரபிக்கும் வழி சொன்னாள்.

"நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள்.

டிரைவரம்மா, முன்கூட்டியே எழுதிக் கொடுத்து எடுக்கிற வருஷ லீவில் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் எடுத்து மூன்று வாரம் வீட்டில் இருந்தாள். மாத்திரைகளை ஒழுங்காகப் போட்டாள். பிசியோதெரபிக்குப் போய், மூச்சை இழுத்து இடுப்பைத் தளர்த்தப் பழகினாள். சின்ன டாக்டர் பரிசோதித்து, ஓட்டலாம் என்ற பிறகே வண்டி ஏறினாள். மாயம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் மாதம் எட்டு நாள் ஏழானது. நான்காம் மாதம் ஐந்து. ஆறாம் மாதம் மூன்று. அந்த மூன்றும் பழைய மாதிரி தரையில் கவிழ்க்கிற நாட்கள் இல்லை. ஒரு நாள் வேகத்தடை ஒன்றைத் தாண்டிய பிறகுதான், தாண்டியதே அவளுக்குத் தெரிந்தது. அடுத்த நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கண்டக்டர் என்னவென்று கேட்டார். ஒன்றுமில்லை என்றாள். ஒன்றுமில்லை என்பதுதான் விஷயம்.

இந்தச் செய்தி ஆஸ்பத்திரிக்கு எட்டியது. தேதி முறை வெற்றி என்று முடிவு கட்டினார்கள். மாநாடு ஏற்பாடானது. வெளியூர் டாக்டர்கள் வந்தார்கள். வாசலில் டிரைவரம்மாவின் படம், கண்ணை மட்டும் கறுப்புப் பட்டையால் மறைத்து, ஆளுயரத்துக்கு நின்றது. அவளையும் மேடையில் உட்கார வைத்தார்கள். நாத்தனார் முதல் வரிசையில் இடம் பிடித்திருந்தாள்.

மகளிர் துறைத் தலைவர் பேசும்போது, தன் மூன்று மில்லிமீட்டரும் நோயாளியின் வலியும் ஒத்துவர ஆறு மாதம் ஆயிற்று, ஆனால் கடைசியில் நோயாளிதான் அளவுக்கு இறங்கி வந்தார் என்றார். நரம்புகளின் நற்பெயர் காப்பாற்றப்பட்டதே தனக்குப் போதும் என்றார் நரம்பியல் தலைவர்.

கண்காணிப்பாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "முன்பெல்லாம் இங்கே வலி இருந்தது, நிர்வாகம் இல்லை. யாருக்கு எப்போது வலிக்கும் என்றே தெரியாது. இன்று ஒரு நோயாளி குணமாகாவிட்டாலும், எந்தத் தேதியில், எந்தத் துறையின் கீழ் குணமாகவில்லை என்பதை நம்மால் துல்லியமாகச் சொல்ல முடிகிறது. மருத்துவத்தால் முடியாததை ஒரு காலண்டர் செய்து காட்டியிருக்கிறது" என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

வெளியூர் டாக்டர் ஒருவர் எழுந்து, நோயாளியிடமே ஒரு கேள்வி என்றார். முதலில் எந்தத் தேதிகளில் வலி குறைந்தது? ஒற்றையிலா, இரட்டையிலா?

மைக் அவள் கைக்கு வந்தது. படம் காட்டும் கருவிக்குப் பக்கத்தில் சின்ன டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆமாம் சார், ஒற்றையில்தான் என்று சொன்னால் சான்றிதழ் தப்பிக்கும், லீவு தப்பிக்கும். ஆனால் நாளைக்கு இதே கண்ணைக் கட்டின படத்தைக் காட்டி, இன்னொருத்திக்கும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாத்திரை கொடுப்பார்கள். அவளும் இந்தக் கட்டடங்களைச் சுற்றுவாள்.

"தேதி பாத்து வலிக்கல சார்" என்றாள். "ரெண்டு மாத்திரையும் தினமும் சாப்பிட்டேன். உள்ள புண்ணும் நரம்பும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிட்டுதான் வேலை பாக்குது. பேசிக்காதது இங்கதான்."

யார் சொல்லி அப்படிச் செய்தீர்கள் என்று கண்காணிப்பாளர் கேட்டார்.

"யாரும் சொல்லல. பதினஞ்சு வயசுல இருந்து இந்த வயித்தோட இருக்கேன். இதுகூடத் தெரியாதா?"

முதல் வரிசையிலிருந்து ஒரே ஒருத்தி கைதட்டினாள்.

பத்து நாள் கழித்துப் பதிவுத் தபாலில் கடிதம் வந்தது. சான்றிதழ் போச்சு என்று புருஷன் உட்கார்ந்துவிட்டார். நாத்தனார்தான் உறையைப் பிரித்துப் படித்தாள்.

'தாங்கள் மருத்துவக் குழுவின் தீர்ப்பை மீறி இரு துறை மருந்துகளையும் ஒரே நாளில் உட்கொண்டுள்ளீர்கள். இதனால் தங்கள் உடலில் நரம்பும் அழற்சியும் பிரித்தறிய இயலாதபடி ஒன்றாகக் கலந்துவிட்டன. விதிகளுக்குப் புறம்பாகத் தாங்கள் அடைந்த நிவாரணம் இதன்மூலம் ரத்து செய்யப்படுகிறது. முதல் நாள் பதிவான அதே கடும் வலியுடன், மறு உத்தரவு வரும்வரை தாங்கள் தொடர்ந்து இருந்து வருவதாகவே கருதப்படுவீர்கள்.'

கீழே இரு தலைவர்களும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நாத்தனார் அதை மறுபடி ஒருமுறை, ஏதாவது ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிறவள் மாதிரி மெதுவாகப் படித்தாள். பிறகு, இதை நாலு பிரதி எடுத்து வைக்கணும் அண்ணி என்றாள்.

மறுநாள் காலை டிரைவரம்மா சீருடையில், சாவி வாங்குவதற்காக மேனேஜர் அறைக்குப் போனாள். போகிற போக்கில் கடிதத்தையும் மேஜையில் வைத்தாள். அவர் அதை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். பிரிக்க முடியாது என்று பெரியவர்களே எழுதிவிட்டதால் காரணம் ஒன்றுதான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, கட்டத்தை நிரப்பினார். மாதத்துக்கு எட்டு நாள் விடுப்பு என்று எழுதி முத்திரை குத்தினார். நிமிர்ந்தபோது அவர் கண்ணில் நிஜமாகவே இரக்கம் இருந்தது.

"ரொம்ப வலிக்குதாம்மா?"

ஆறு வருஷத்தில் அவர் அதைக் கேட்டது அன்றுதான்.

"இன்னைக்கு இல்ல சார். இன்னைக்கு நல்லா இருக்கேன். சாவி குடுங்க."

அவர் காகிதத்தை இன்னொரு முறை பார்த்தார். சாவியை எடுத்து இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

"இருக்குன்னு போட்டிருக்கேம்மா" என்றார். "வீட்டுக்குப் போய்ப் படுங்க."